பழைய ஏடிவி வண்டியின் வெளிறிய பிளாஸ்டிக் பாகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பண்ணையில் 1990-களின் ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 300 ஏடிவி (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்று உள்ளது. அதன் சிவப்பு ஃபெண்டர்கள் (மட்கார்டுகள்) வெளிறிப்போய்விட்டன. எந்த பெயிண்ட் நல்லது?

பதில்: பெயிண்டைத் தேடுவதற்கு முன் பெயிண்ட் தேவைதானா என்று பாருங்கள். இவ்வகை ஃபெண்டர்களில் நிறம் மேலே பூசப்பட்டதன்று; வார்ப்பதற்கு முன்பே மூலப்பொருளுடன் கலக்கப்பட்டது. வெயிலின் புற ஊதாக்கதிர்கள் மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே சிதைத்திருக்கும். அதற்குக் கீழே பழைய சிவப்பு அப்படியே இருக்கும். இருக்கைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சவர பிளேடால் இலேசாகச் சுரண்டினால் இது புலப்படும்.

அவ்வாறு நிறம் தெரிந்தால், பாகத்தைக் கழற்றிச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, 320 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, உலர்ந்தபின் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள். தேய்த்த தடங்கள் அடங்கிப் பளபளப்பு திரும்பும். பாகம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால், அது ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால், சற்றே தாமதித்தாலும் பரப்பு நெளிந்துவிடும். தேய்க்காமல் சூடு மட்டும் காட்டினாலும் நிறம் மீளும். ஆனால் சிதைந்த படலம் அங்கேயே இருப்பதால் விரைவில் மீண்டும் வெளிறும்.

கேள்வி: கடையில் பிரைமர் (அடிப்பூச்சு) வாங்கி அடித்து, அதன்மேல் பெயிண்டும் அடித்தேன். சில வாரங்களில் தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டது. பிரைமர் மட்டமானதா?

பதில்: பிரைமரைக் குறை சொல்ல இயலாது, அடியில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பதுதான் முதல் கேள்வி. பாகத்தின் உட்புறத்தில் பிஇ (பாலிஎத்திலீன்), பிபி (பாலிபுரோப்பிலீன்), ஏபிஎஸ் (மற்றொரு வகைப் பிளாஸ்டிக்) என்பவற்றுள் ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கலாம். இல்லையென்றால், ஓரத்திலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்து, சோப்புச் சொட்டு கலந்த நீரில் முழுதாக அமிழ்த்திவிட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட இலேசானவை, ஆகவே மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

மிதப்பவைதான் தொல்லை தருபவை. அவற்றின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவாக இருப்பதால் நீரே பரவாமல் முத்துமுத்தாக நிற்கும். பெயிண்ட் எவ்வளவு உயர்ந்ததாயினும் பற்றிக்கொள்ள அங்கே பிடி கிடைக்காது. இவற்றுக்கென்றே விற்கப்படும், குளோரினேற்றிய பாலியோலெஃபின் கலந்த அட்ஹீஷன் புரமோட்டரை (பூச்சு பற்றிக்கொள்ள உதவும் திரவம்) மிக மெல்லிய பூச்சாக அடித்து, கேனில் குறிப்பிட்ட நேரத்துக்குள் மேல்பூச்சை அடித்துவிட வேண்டும். முழுதாகக் காய்ந்தபின் அடித்தால் பயன் குன்றும். புரமோட்டரை அடிப்பதற்கு முன்பு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். முன்பு தடவிய சிலிக்கோன் பாலிஷ் சிறிது எஞ்சியிருந்தாலும் பெயிண்டில் குழிகள் விழும். பாகம் வளையக்கூடியது, ஆகவே மேல்பூச்சிலும் ஃபிளெக்ஸ் அடிட்டிவ் (பூச்சுக்கு வளையும் தன்மை தரும் பொருள்) சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும், பூட்ஸும் தொடையும் உரசும் இடங்களில் பூச்சு தேயும் என்பதை அறிந்தே இறங்குங்கள். அதனால்தான் பெயிண்டைக் கடைசி வழியாகவே நான் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: பின் ஃபெண்டரில் போல்ட் துளையிலிருந்து ஒரு விரிசல் ஓடுகிறது. எப்பாக்ஸி பசை போதுமா?

பதில்: பாலிஎத்திலீனில் எப்பாக்ஸியும் சூப்பர் குளுவும் நிலைக்காது, பெயிண்டுக்குச் சொன்ன காரணமே இதற்கும். விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுங்கள். பிறகு இருபுறமும் வி வடிவில் பள்ளம் எடுத்து, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைக் கொண்டு வெல்டிங் செய்யுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் ஒன்றோடொன்று சேரமாட்டா. ஏபிஎஸ் என்றால் வேலை எளிது: அதே பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி நிரப்பலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் மூடிய கராஜுக்குள் இரு பொருள் கலக்கும் கிளியர் கோட்டை (நிறமற்ற மேல்பூச்சு) அடிக்கலாமா?

பதில்: கூடாது. குளிரில் அது சரியாக இறுகாது என்பது சிறிய காரணம். அதன் ஹார்டனரில் (பூச்சை இறுகச் செய்யக் கலக்கும் பொருள்) உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது என்பதே பெரிய காரணம். அபாய அளவை எட்டிய பின்னும் மணம் தெரியாமல் இருக்கலாம், ஆகவே மூக்கை நம்ப முடியாது. ஸ்பிரே பூத் வைத்திருக்கும் பட்டறையிடம் அந்த ஒரு வேலையை ஒப்படையுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்கும் பிளாஸ்டிக்தான். அதையும் சேர்த்து அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பாலிஎத்திலீன் டேங்கின் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்ல ஊடுருவி வெளியேறும். அது பூச்சின் அடியில் தேங்கிக் கொப்புளமாக எழும். டேங்கில் ஒட்டும் ஸ்டிக்கர்களிலும் இதற்காகவே நுண்துளைகள் இடுகிறார்கள். சோப்பு நீரில் கழுவுவதோடு நிறுத்துங்கள். காலியான டேங்கிலும் ஆவி இருக்கும் என்பதால் ஹீட் கன்னை அதன் அருகே கொண்டுபோகவே கூடாது.