கையால் தைத்த பர்ஸுக்கு என்ன விலை சொல்வது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலையை விட்டபிறகு வீட்டிலேயே தோல் பர்ஸ், கார்டு ஹோல்டர், சாவிக்கொத்து செய்து விற்கிறேன். எல்லாம் கைத்தையல். ஒரு பர்ஸ் 600 ரூபாய் என்றாலே, "இந்த விலைக்குக் கடையில ரெண்டு வாங்கலாமே" என்கிறார்கள். குறைத்துக் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என்ன செய்யட்டும்? – வாசகி, கோவை

பதில்: குறைக்காதீர்கள். 600 என்பதே உங்களுக்கு நஷ்டம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோல் சதுர அடி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸுக்கு ஒரு சதுர அடி போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் தோல் துணி மாதிரி நேராக வருவதில்லை. கழுத்துப் பக்கம் சுருக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொள, நடுவில் மாடு வேலியில் உரசிய வடு, இதையெல்லாம் ஒதுக்கி வெட்டினால் கால் பங்காவது கழிவு போகும். ஆக தோலுக்கு மட்டும் 190. மெழுகு நூல், ஓரப் பூச்சு, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு 60. வெட்டி, சீவி, துளை போட்டு, தைத்து முடிக்க நான்கு மணி நேரம், மணிக்கு 120 ரூபாய் கூலி போட்டால் 480. இதுவே 730 ஆகிவிட்டது. தேய்ந்துபோகும் உளி, கரண்ட் பில், விற்காமல் நிற்கும் சரக்கு என்று இன்னொரு 110 சேர்த்தால் 840 உங்கள் அடக்கவிலை. கடையில் வைத்து விற்றால் 35 சதவீதம் அவர்கள் எடுப்பார்கள் என்று வையுங்கள், அப்படியானால் 1,300 ரூபாய் என்று சீட்டு ஒட்டினால்தான் உங்கள் கைக்கு 845 வரும். நேரடியாக விற்கும்போதும் அதே 1,300தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தக் கடைக்காரர் மறுபடி உங்கள் சரக்கை எடுக்க மாட்டார்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது கூலியைத்தான். "வீட்டில சும்மாதானே இருக்கேன்" என்று சொல்லி உங்கள் நான்கு மணி நேரத்தை நீங்களே இலவசமாக்கினால், வாங்குபவர் மட்டும் அதற்கு ஏன் காசு கொடுக்கப் போகிறார்?

விலை கேட்டு முகம் சுளிப்பவரிடம் வாதம் வேண்டாம், தையலைக் காட்டுங்கள். மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று, இரண்டும் தோலுக்கு நடுவே கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்து வரிசையாகப் பிரியலாம். நீங்கள் தைப்பது ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் விட்டு இழுப்பது. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பழைய துண்டு ஒன்றில் இரண்டு விதமாகவும் தைத்து, அவர் கண்ணெதிரே ஒரு தையலை வெட்டி இழுத்துக் காட்டுங்கள். அப்புறம், "பிரிந்தால் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் செய்யுங்கள். இதையெல்லாம் பார்த்தும் ரெக்சின் பர்ஸ் போதும் என்பவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவரை விட்டுவிடலாம்.

கேள்வி: பெரியமேட்டில் தோல் வாங்கி பெல்ட் செய்கிறேன். வீடியோவில் காட்டுகிறபடி ஓரத்தில் தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை, நார் நாராகவே நிற்கிறது. சில பெல்ட்கள் மாதக்கணக்கில் நீண்டும் போகின்றன. – வாசகர், திருவள்ளூர்

பதில்: நீங்கள் வாங்கியது குரோம் தோலாக, அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோலாக இருக்கும். அதன் ஓரம் தேய்த்தால் படியாது, ஓரப் பூச்சு அடித்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்க மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது நம் ஊர்த் தொழில்தான், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகம் முழுக்கப் போன அந்தச் சரக்குக்குத் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு எல்லாம் பேர்போன ஊர்கள். கடையில் 'வெஜ் டேன்' என்று கேளுங்கள். வாங்குமுன் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஓரத்தில் வையுங்கள்: மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கருத்துக்கொள்ளும்.

நீள்வதற்குக் காரணம் வெட்டிய இடம். பெல்ட்டை முதுகுப் பகுதியில், முதுகெலும்புக்கு இணையாக மட்டும் வெட்டுங்கள், கனமும் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வயிற்றுப் பகுதியைச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முறையாகக் கற்க விருப்பம் இருந்தால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள், விசாரியுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் வைத்திருந்த பைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. – வாசகி, கடலூர்

பதில்: பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருப்பீர்கள். தோலுக்குக் காற்று வேண்டும், பருத்தித் துணிப்பையில் போட்டுச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். இருக்கிற பூஞ்சையை வாசலுக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். உச்சி வெயில் கூடாது, வெடிக்கும். தேங்காய் எண்ணெயும் கூடாது, கறை போகாது.

கேள்வி: இவ்வளவு சின்னத் தொழிலுக்கு ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? – வாசகர், ஆம்பூர்

பதில்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகத் தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்கும் ஆன்லைன் தளங்களில் விற்பதற்கும் விதி வேறு, கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகையும் உண்டு, அதனால் முதல் பார்சல் போடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை மட்டும் இன்றே செய்யுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம், அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.