கயிறுதான் இரண்டாவது ஆள்: வள்ளக்காரன் பதில்கள்

படகு, மீன்பிடி, கடல் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு சிட்னியிலிருந்து வள்ளக்காரன் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: அண்ணை, போன மாதம் 4.2 மீட்டர் அலுமினியப் படகு ஒன்று வாங்கினேன். 30 குதிரைவலு மோட்டர், ரெயிலரோடு. இரண்டு தரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இனிச் சனிக்கிழமையும் வேலை. மனைவிக்குப் படகைக் கண்டாலே தலைசுற்று. ராம்பில், அந்தப் படகிறக்கும் சரிவில், தனியாளாக இறக்கி ஏற்ற முடியுமா, இல்லை விற்றுவிடவா?
— ஒரு வாசகர், டூங்காபி

பதில்: விற்காதீர்கள் தம்பி. எனக்கு 63 வயது, வலது முழங்கால் மாரியில் மடங்காது. நான் தனியாகத்தான் போய் வருகிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் நான் வளர்ந்த கரையில் ஒரு வள்ளம் கரையேற எட்டுப் பத்துப் பேர் தோள் கொடுக்க வேண்டும். உருளைக்கட்டை போட்டு, ஏலேலோ சொல்லி இழுப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்களும் கை வைப்போம்; ஒரு கைப்பிடி சூடை மீன் கிடைக்கும். அந்தப் பத்துப் பேரின் வேலையை இங்கே ரெயிலரில் கையால் சுற்றி இழுக்கிற ஒரு வின்ச்சும் ஒரு கயிறும் பார்க்கின்றன. படகு வாங்கும்போது எல்லோரும் வின்ச்சைச் சுற்றிப் பார்ப்பார்கள். கயிற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. படகோடு சும்மா வந்த மூன்று மீட்டர் நைலோன் துண்டை வைத்துக்கொண்டு ராம்பில் அல்லாடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். முதலில் கடைக்குப் போய், கைக்கு மெத்தென்று இருக்கிற 12 மில்லிமீட்டர் கயிறு இரண்டு வாங்குங்கள். அணியத்துக்கு, அதுதான் முன்பக்கத்துக்கு, எட்டு மீட்டர், பின்பக்கத்துக்கு ஆறு மீட்டர். மச்சான் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இனி அந்தக் கயிறு நிற்கப்போகிறது.

அடுத்தது, ராம்பில் வேலை செய்யாதீர்கள். வேலையெல்லாம் மேலே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் முடிந்துவிட வேண்டும். தூண்டில், ஐஸ் பெட்டி, உயிர்காப்பு அங்கி எல்லாம் படகுக்குள். பின்பக்கம் இழுத்துக் கட்டிய பட்டி கழற்றியாயிற்றா? மோட்டரைத் தாங்கிய முட்டு எடுத்தாயிற்றா? எரிபொருள் குழாயின் குமிழை அது கல்லுப்போல இறுகும்வரை அமுக்கினீர்களா? ரெயிலர் விளக்கின் வயரைக் காரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பழைய பல்பு சூட்டோடு குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் வெடிக்கும். இரண்டு கயிறுகளையும் படகில் கட்டி, நுனிகளைக் கைக்கு எட்டும்படி விளிம்பில் போடுங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவனுக்கு உங்கள் ஐஸ் பெட்டி ஏறுவதைப் பார்க்கப் பொறுமை கிடையாது. அவனில் பிழையும் இல்லை.

பிறகு தக்கை. இங்கே இதை ‘பங்’ என்பார்கள். படகின் பின்பலகையில், அடியில் இருக்கிற ஓட்டைக்கு உரியது. தக்கை போடாமல் படகு இறக்காதவன் இந்த நகரத்தில் இல்லை, சொல்லாதவன்தான் உண்டு. என் கதை பரமட்டா ஆற்றில், கிஸ்ஸிங் பொயின்ற் ராம்பில் நடந்தது. தனியாக இறக்கிய முதல் நாள். ஒரு பிழையும் விடாமல் இறக்கிவிட்டேன் என்ற புளுகத்தோடு காரை நிறுத்தப் போய்த் திரும்பி வந்தால், சாப்பாட்டுப் பெட்டி படகுக்குள் மிதக்கிறது. தண்ணீர் கணுக்கால் வரை. பக்கத்தில் நின்ற வியட்நாமிய முதியவர் ஒன்றும் சொல்லாமல் தன் வாளியைத் தந்தார். அன்றிலிருந்து படகு வீட்டில் நிற்கும் நாட்களில் தக்கை கார்ச் சாவியோடு தொங்கும். சாவியைத் திருப்பினால் தக்கை முழங்காலில் தட்டும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

(கிஸ்ஸிங் பொயின்ற் பழகுவதற்கு நல்ல இடம், அலை இல்லை. ஆனால் ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடக் கூடாது. அடிச் சேற்றில் டயொக்சின் என்ற நச்சு இருக்கிறதென்று 2006இலிருந்து அறிவுறுத்தல் உண்டு. பிடித்த மீனைத் திரும்ப விட மனமில்லாதவர்கள் பழகி முடிந்ததும் ஹோக்ஸ்பரி ஆற்றங்கரைப் புறூக்ளின் பக்கம் போங்கள்.)

இனி ராம்ப். பின்னுக்கு எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். கையை ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, ரெயிலரின் பின்பக்கமும் அந்தப் பக்கம்தான் போகும். உங்களுடையது கட்டை ரெயிலர். நீளமானதைவிடச் சட்டென்று முறியும், அதாவது காரோடு மடங்கித் திரும்பிவிடும். விரலளவு திருப்பினால் போதும். முறிந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். முன்னுக்கு எடுத்து நேராக்கித் திரும்ப வாருங்கள். ஞாயிறு பின்னேரம் ரயில்நிலையக் கார்த்தரிப்பிடம் காலியாகத்தான் கிடக்கும். இரண்டு ஐஸ் பெட்டியை வைத்து, நடுவே விட்டுப் பழகுங்கள்.

படகின் பின்பக்கம் மிதக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் பிறேக்கில் இருக்க ஹாண்ட் பிறேக்கை இறுக்கி, காலை மெல்ல எடுத்துக் காரின் பாரத்தை அதில் இருத்திவிட்டுப் பிறகு ‘பார்க்’கில் போடுங்கள். மாறிச் செய்தால் முழுப் பாரமும் கியருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொளுவியில் தொங்கும். எஞ்சினையும் நிறுத்துங்கள். நான் பின்சில்லுக்கு ஓர் ஆப்புக்கட்டையும் வைக்கிறேன். அதை இரண்டு மீட்டர்க் கயிற்றால் காரின் கொழுக்கியில் கட்டியிருக்கிறேன். கார் மேலே போகும்போது கட்டை தானாகப் பின்னால் இழுபட்டு வரும், குனிந்து எடுக்கத் தேவையில்லை. முழங்கால் சொல்லித்தந்த வித்தை.

இந்த நேரம்வரை வின்ச் பட்டியும் அணியச் சங்கிலியும் கழற்றாமல் இருக்க வேண்டும். ஒரு கோடை நாளில், அவசரக்காரர் ஒருவர் இரண்டையும் மேலேயே கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினார். பிறேக் பிடித்ததும் படகு மட்டும் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போய்க் கொங்கிறீற்றில் இருந்தது. மோட்டரின் அடிப்பகுதி உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு பேர் சேர்ந்துதான் தண்ணீருக்குள் தள்ளினோம்.

அணியக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சங்கிலி, பிறகு பட்டி. ஒரு தள்ளு. படகு மிதந்ததும் கயிற்றோடு பொன்ரூனில், அதுதான் அந்த மிதவை மேடையில், ஏறி, மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறமாதிரி நடத்திக்கொண்டு போங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். பொன்ரூனின் தூர நுனியில் இரண்டு கயிற்றாலும் கட்டுங்கள். கிட்டக் கட்டினால் அடுத்தவருக்கு இடம் இல்லை. தள்ளியும் படகு அசையாவிட்டால், பட்டியையும் சங்கிலியையும் திரும்பக் கொளுவிவிட்டுத்தான் காரில் ஏறி இன்னும் அரை மீட்டர் பின்னுக்கு எடுக்க வேண்டும். சோம்பல் வரும். கொளுவுங்கள்.

பொன்ரூன் இல்லாத ராம்ப் என்றால் கயிற்றின் மறுநுனியை வின்ச் கம்பத்தில் கட்டிவிட்டுப் படகைத் தள்ளி மிதக்க விடுங்கள். காரை மெல்ல இரண்டு மீட்டர் முன்னுக்கு எடுத்தால் படகு நாய்க்குட்டிபோலப் பின்னால் வரும். அடி தட்டுமுன் நிறுத்தி, அவிழ்த்து, பக்கத்து மணலுக்கு இழுத்துவிடலாம்.

ஏற்றுவதுதான் கனபேருக்குப் பயம். அங்கே எல்லோரும் விடுவது ஒரே பிழை: ரெயிலரை மெத்த ஆழத்தில் விடுவது. ஆழம் கூடினால் படகு அதற்கு மேலே அங்குமிங்கும் மிதக்கும். காற்று பின்பக்கத்தைத் தள்ளும். நீங்கள் பட்டியைக் கொளுவிச் சுற்றச் சுற்ற அது கோணலாக ஏறும். ரெயிலரில் படகு குந்துகிற, கம்பளம் ஒட்டிய பலகைகளை ஒருதரம் தண்ணீரில் நனைத்து எடுத்து, மட்கார்ட்டின் மேல்விளிம்பு மட்டும் வெளியே தெரிகிற அளவில் நிறுத்துங்கள். அப்போது அணியம் பலகையில் வந்து குந்தும். பின்பக்கம் மட்டும் மிதக்கும். அதைப் பின்கயிற்றால் பிடித்து நேராக்கலாம். ரெயிலரின் பின்முனையில் இரண்டு நிமிர்ந்த குழாய்களைப் பூட்டுங்கள். ரெயிலர் தண்ணீருக்குள் மறைந்தாலும் அவை தெரியும், படகையும் நடுவில் வைத்திருக்கும். நான் தனியாகப் போகத் தொடங்கிய பிறகு செலவழித்த காசில் மிகவும் உருப்படியான செலவு அதுதான்.

பட்டி, சங்கிலி, மோட்டரை மேலே மடித்தல். இந்த மூன்றும் முடியாமல் காரை எடுக்காதீர்கள். மூன்றாவதை மறந்தவர்களின் கோடுகளை எந்த ராம்பின் கொங்கிறீற்றிலும் பார்க்கலாம். மேலே போய் ஓரமாக நிறுத்தி, தக்கையைக் கழற்றி, பின்பட்டியை இறுக்கிக் கட்டி, விளக்கு வயரைக் கொளுவுங்கள். தக்கை திரும்பச் சாவிக்குப் போகட்டும்.

வற்றையும் பெருக்கையும் பார்த்துப் போங்கள். ஊரில் நமக்கு அது ஓரடி, இரண்டடி. சிட்னியில் பெரிய பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் 2 மீட்டர் வரை வரும். காலையில் தண்ணீருக்குள் கிடந்த பாசி மத்தியானம் உங்கள் காலடியில் இருக்கும். அதில் கால் தூக்கி நடக்காதீர்கள், உரசி நடவுங்கள். மோசமான ராம்புகளில் வற்று நேரம் ரெயிலர்ச் சில்லு கொங்கிறீற்றின் நுனியைத் தாண்டிக் குழிக்குள் விழும். கோடையில் இன்னொன்று: மத்தியானம் வரை வடகிழக்குக் காற்று இதமாக வீசிக்கொண்டிருக்கும், திடீரென்று தெற்கிலிருந்து திரும்பும். நம் சோழகம் சொல்லிக்கொண்டு வரும், இது சொல்லாது. முன்னறிவிப்பில் தெற்குக் காற்று என்று இருந்தால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ராம்புக்குத் திரும்பிவிடுங்கள். தனியாள் குறுக்குக்காற்றில் படகேற்றுவது பார்க்கிறவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு.

தனியாகப் போகும்போது அங்கி அணிவது உங்கள் விருப்பம் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் தனியே போகிறவர் எப்போதும் அணிய வேண்டும். மோட்டரை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றையும் உடம்பில் கொளுவுங்கள். நீங்கள் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வர ஆள் இல்லை. கடலில் மீட்க வரும் தொண்டர் அமைப்பான மரீன் ரெஸ்கியூவிடம், படகு வானொலியில் 16ஆம் சனலிலோ அவர்களின் செயலியிலோ, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பதிந்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருக்க அவர்கள் ஆற்றில் தேடுவார்கள்.

முதல் ஐந்து தடவையும் செவ்வாய், புதனில் லீவு எடுத்துப் போங்கள். ராம்ப் உங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: நான் ஐந்தடி உயரம், 52 கிலோ. அப்பாவின் சின்னப் படகு வீட்டில் சும்மா நிற்கிறது. பெண் ஒருத்தி தனியே வின்ச் சுற்றி ஏற்ற முடியுமா ஐயா?
— ஒரு வாசகி, வென்ட்வேர்த்வில்

பதில்: கணக்கைப் பாருங்கள் பிள்ளை. படகும் மோட்டரும் சாமானும் 400 கிலோ என்று வைப்போம். எட்டுக்கு ஒன்று சரிவில் அதை இழுக்க ஏறத்தாழ 50 கிலோ விசை, உராய்வு தனி. ஐந்துக்கு ஒன்று பல்சக்கர வின்ச், அதன் நீளக் கைப்பிடி, இரண்டும் சேர்ந்து அதை உங்கள் கைக்குச் சில கிலோவாக்கிவிடும். பாதிப் பாரத்தைத் தண்ணீரே தாங்குகிறது. கை வலித்தால் படகு கோணலாகக் கிடக்கிறது, அல்லது பலகை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டுப் பாருங்கள். பற்கொளுவி விழுந்து ‘டக் டக்’ என்று கேட்காமல் கைப்பிடியை விடவே வேண்டாம். அது திரும்பிச் சுழன்றால் மணிக்கட்டு முறியும். அதற்கு ஆண் பெண் தெரியாது. அப்பாவின் பட்டி பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: வரிசையில் நிற்கிறவர்கள் ஹோர்ன் அடித்தால் எனக்குக் கை நடுங்கி எல்லாம் பிழைக்கிறது. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், பிளாக்டவுன்

பதில்: இறங்கிப் போய், “இன்றைக்குத் தனியாக வந்தேன், இந்தக் கயிற்றை ஒரு நிமிடம் பிடிக்கிறீர்களா?” என்று கேளுங்கள். ஹோர்ன் அடித்தவரிடமே கேளுங்கள். இதுவரை ஒருவரும் எனக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை.

கேள்வி: புறூக்ளின் போய்ச் சேர்ந்ததும் உடனே ரெயிலரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
— ஒரு வாசகர், கார்லிங்ஃபோர்ட்

பதில்: உண்மை. நெடுஞ்சாலையில் ஓடி வந்த சில்லின் குடம் சூடாக இருக்கும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, ரப்பர் வளையத்தைத் தாண்டி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வரும். அடுத்த மாதம் எம் 1 நெடுஞ்சாலை ஓரத்தில் பெயரிங் இறுகி நிற்பீர்கள். போனதும் குடத்தில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு என்றால் மேலே தயார்ப்படுத்துகிற பதினைந்து நிமிடத்தில் ஆறிவிடும். கை பொறுக்காத சூடு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், அன்றைக்குப் படகை இறக்க வேண்டாம். மெதுவாக வீட்டுக்கும் ஓட வேண்டாம். அங்கேயே ஜாக்கி வைத்துத் தூக்கிச் சில்லைச் சுழற்றிப் பாருங்கள்; மணல் அரைக்கிறமாதிரிச் சத்தம் கேட்டால் பாரவண்டியைக் கூப்பிடுங்கள்.