அமெரிக்காவில் அடிக்கடி அடிபடும் 'கடன் உச்சவரம்பு' என்றால் என்ன?

அமெரிக்க அரசு மொத்தமாக இவ்வளவுதான் கடன் வைத்திருக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கும் எல்லைதான் அது. இப்போது 41.1 லட்சம் கோடி டாலர். 2025 ஜூலையில்தான் 5 லட்சம் கோடி கூட்டினார்கள்.

சண்டை ஏன் வருகிறது? செலவையும் வரியையும் முடிவு செய்வதும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ்தான், இந்த எல்லையைப் போடுவதும் அதே காங்கிரஸ்தான், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி ஓட்டு, அதனால் வரவை மிஞ்சிய செலவுக்கு முதலில் கை தூக்கிவிட்டு அப்புறம் கடன் வாங்க விடமாட்டோம் என்று மிரட்ட முடிகிறது. மளிகைக் கடையில் மாதம் முழுக்க கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாக்கியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் கூடிப் பேசுவது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், முதல் உலகப் போர் சமயத்தில் 1917இல் இதற்கு அடித்தளம் போட்டதே கடன் வாங்குவதைச் சுலபமாக்கத்தான். இந்த எல்லையைக் கூட்டுவதில் 2011இல் நடந்த இழுபறியில் பாக்கி எதுவும் தவறவில்லை, ஆனாலும் கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு மதிப்பெண் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை முதன்முறையாக ஒரு படி இறக்கியது.

பலர் இதையும் அரசு அலுவலகங்களைப் பூட்டும் ஷட்டவுனையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஷட்டவுன் செலவுக்கு ஒப்புதலே கிடைக்காதபோது வருவது, இது ஒப்புதல் கிடைத்த செலவுக்குக் கையில் காசில்லாமல் போவது.