ஒரு வாரம் ஸ்காட்லாந்து போகிறோம். கோட்டைகளும் பார்க்க வேண்டும், நல்ல உணவகத்திலும் சாப்பிட வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

கோட்டைகளைக் குறையுங்கள், பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள். நாளுக்கு இரண்டு கோட்டை என்று ஓடினால் மூன்றாம் நாள் எல்லாமே வெறும் கல்லாகத்தான் தெரியும்.

ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு எடின்பரோவுக்கு இல்லை, ஸ்டர்லிங்குக்கு. எடின்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மன்னர் நான்காம் ஜேம்ஸ் கட்டிய பெரிய மண்டபத்தைப் புதுப்பித்தபோது பழைய காலம் போலவே மஞ்சள் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். சாம்பல் நிறக் கட்டடங்களுக்கு நடுவே அது பளீரென்று நிற்கும். சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். அரண்மனைக்குள் போனதும் அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்க ஓக் மரத்தில் செதுக்கிய வட்ட வட்டமான முகங்கள், திருவிழாக் கடை பொம்மைகள் போலக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். அவை நகல்கள். 16ஆம் நூற்றாண்டு மூலச் சிற்பங்கள் சாயம் போய்த் தனிக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு ஒன்பது மாதக் குழந்தையாக 1543இல் முடிசூட்டியதும் இந்தக் கோட்டையில்தான்.

எடின்பரோ கோட்டையில் கூட்டம் நெரியும், ஆன்லைனில் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர தினமும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கடலில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய 1861இல் தொடங்கிய வழக்கம். பன்னிரண்டு மணிக்கு வைத்தால் பன்னிரண்டு குண்டு செலவாகும் என்பதால்தான் ஒரு மணியாம், ஸ்காட்லாந்துக்காரர்களின் சிக்கனத்தைக் கேலி செய்ய இது போதாதா! உள்ளே இருக்கும் ஸ்காட்லாந்து அரசர்களின் கிரீடத்தைப் பார்த்தால், அடுத்து ஸ்டோன்ஹேவன் பக்கத்து டனட்டர் கோட்டைக்குப் போங்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராம்வெல் படை முற்றுகையிட்டபோது அந்தக் கிரீடத்தை அங்கிருந்து கடத்திக் கினெஃப் தேவாலயத்தின் தரைக்கு அடியில் புதைத்துவைத்தார்கள். கடலுக்குள் நீட்டிய பாறை. படிகள் ஏராளம், முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் போகவும்.

படங்களில் பார்க்கும் எய்லியன் டோனன் கோட்டை 1719இல் தகர்க்கப்பட்டு, 1932இல் முடிந்த மறுகட்டுமானம். வெளியே பாலத்தில் நின்று பார்த்தாலே போதும் என்பேன். வடக்கே இன்வர்னெஸ் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆல்னெஸ் அருகே ஃபைரிஷ் மலைமேல் நிற்கும் வளைவுகள் நம் நாகப்பட்டினம் கோட்டை வாசலின் சாயலில் கட்டப்பட்டவை. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்ரோ கட்டவைத்தது.

சரி, சாப்பாடு. எடின்பரோவின் லீத் துறைமுகப் பக்கம் போங்கள். அங்குள்ள தி கிச்சின், மார்ட்டின் விஷார்ட் என்ற உணவகங்கள் இரண்டுமே மிஷெலின் நட்சத்திரம் (சிறந்த உணவகங்களுக்கு மிஷெலின் கையேடு தரும் மதிப்பு) வாங்கியவை. இப்படிப்பட்ட இடங்களில் மதிய செட் மெனு இருந்தால், அதே சமையலை இரவைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் சாப்பிடலாம். வாரக்கணக்கில் முன்பே மேசை பதியுங்கள். கார்டு எண் கேட்பார்கள், போகாவிட்டால் பணம் பிடிப்பார்கள். ஞாயிறு, திங்களில் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். சைவமென்றால் பதியும்போதே சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் பேர்போன ஹாகிஸ் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸ் சேர்த்துச் செய்வது; சைவ ஹாகிஸும் பல இடங்களில் உண்டு, மிளகுக் காரத்தோடு நமக்கு ஒத்துப்போகும்.

மலைப்பகுதிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள். எட்டரைக்குப் போய் நின்றால் பல ஊர்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். அங்கே பப்பில் குல்லன் ஸ்கிங்க் என்ற சூப் கேளுங்கள்: புகையூட்டிய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மழையில் நனைந்து வந்த நாளில் நட்சத்திர உணவகத்தைவிட எனக்கு அதுதான்.