மழைக்காலக் கன்று நிமோனியா: 'பவரான ஊசி' எது என்ற கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, செங்கம் பக்கத்தில் ஐந்து கலப்பினப் பசுக்கள் வைத்துப் பால் ஊற்றி வருகிறேன். ஐப்பசி அடைமழையில் இரண்டு மாதக் கிடேரிக் கன்று ஒன்றுக்கு இருமலும் மூக்கொழுகலும் வந்து, பால் குடிப்பது குறைந்தது. சாரல் அடிக்காமல் இருக்கக் கொட்டகையை நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடினேன். தூதுவளை, மிளகுக் கசாயத்தில் நல்லெண்ணெய் கலந்து மூங்கில் குழாயால் ஊற்றினேன். குறையாததால் மருந்துக் கடையில் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பாட்டிலும் காய்ச்சல் ஊசியும் வாங்கி இரண்டு நாள் போட்டோம். மூன்றாம் நாள் துள்ளி விளையாடியதால் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் முன்னைவிட மோசமாக மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் கட்டியிருந்த கன்றும் இருமுகிறது. இதைவிடப் பவரான ஊசி எது? மற்ற மூன்று கன்றுகளுக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமா? ஊசி போட்ட கன்று ஊட்டுகிற தாயின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்தவுடன் இரண்டு கன்றுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மழையில் கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற இலவச எண்ணில் அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியை வரச்சொல்லுங்கள். முதல் கன்று வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, கழுத்தை முன்னே நீட்டி முழங்கைகளை அகட்டி நின்றாலோ, நாக்கும் ஈறும் நீலம் பூத்திருந்தாலோ நாளைக்கு என்று தள்ளிப்போட நேரமில்லை. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் போட்ட மருந்துப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நாளில் என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும்.

கன்று மூன்றாம் நாள் துள்ளியது ஏன், ஐந்தாம் நாள் விழுந்தது ஏன் என்பதைச் சொல்கிறேன். காய்ச்சல் ஊசி சூட்டையும் வலியையும் குறைத்தது. கன்றுக்குப் பசி எடுத்தது, விளையாடியது. ஆனால் நுரையீரலுக்குள் இருந்த பாக்டீரியாக்களில் எளிதில் சாகக்கூடியவை மட்டுமே அந்த இரண்டு நாளில் செத்திருக்கும். தாக்குப்பிடித்தவை எஞ்சி நின்று, எதிர்ப்பாரில்லாத இடத்தில் மறுபடி பெருகியிருக்கின்றன. நிமோனியா என்ற இந்த நுரையீரல் நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கைப் பொதுவாக 3 முதல் 5 நாள் வரை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே ஊசி பல நாள் வேலை செய்யும் மருந்துகளும் உண்டு. எந்த மருந்தானாலும் நிறுத்தும் நாளைத் தீர்மானிக்க வேண்டியது தெர்மாமீட்டரும் மூச்சின் எண்ணிக்கையும்தான், கன்றின் துள்ளல் அல்ல.

அளவு தவறியிருக்கவும் வாய்ப்பு அதிகம். கண்ணால் பார்த்து 'முப்பது கிலோ இருக்கும்' என்று சொல்லிப் போடும் ஊசி, ஐம்பது கிலோக் கன்றுக்கு அரைகுறை மருந்தாகிவிடும். தையல்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ உடல் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 34, நீளம் 30 என்றால் ஏறக்குறைய 52 கிலோ. மருந்தின் அளவை நான் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. கன்றைத் தொட்டுப் பார்த்தவர் எழுத வேண்டியது அது.

இப்போது 'பவரான ஊசி'க்கு வருவோம். இந்தச் சொல்லை நம் ஊர்களில் நாள்தோறும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் கவலையாக இருக்கிறது. பெரும்பாலும் வைரஸ் ஒன்று முதலில் மூச்சுக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அந்த வைரஸ்மேல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. புண்ணான அந்த இடத்தில்தான் பாஸ்சுரெல்லா, மான்ஹைமியா போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. நல்ல கன்றின் மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே சும்மா இருப்பவைதாம் இவை. சில கொட்டகைகளில் மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதற்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே செல்சுவரைத் தாக்கிக் கொல்லும் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன்மேல் பயன்படாது. கிருமிக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஈர நிலத்தில் மேய்ந்த கன்று காய்ச்சல் இல்லாமல் இருமினால் அது நுரையீரல் புழுவாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டியது குடற்புழு மருந்து, ஆன்டிபயாட்டிக் அல்ல.

என்ரோஃப்ளாக்சசின் சார்ந்த குடும்பத்தையும், செஃப்ட்ரியாக்சோன் சார்ந்த குடும்பத்தையும் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலகச் சுகாதார நிறுவனம் தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரத்தத்தில் கிருமித் தொற்று வந்தால் மருத்துவமனையில் கை கொடுக்கக்கூடியவை இவை. கன்றின் குடலில் இந்த மருந்துகளுக்குப் பழகிப்போன பாக்டீரியா சாணத்தில் வெளிவந்து, அதை அள்ளும் கையோடு உங்கள் வீட்டுக்குள்ளும் வரும். ஆகவே மருத்துவர் பழைய மருந்தான ஆக்சிடெட்ராசைக்ளினைத் தேர்ந்தெடுத்தால் 'இது பழசு' என்று மறுக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். புது மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கவில்லையென்றால், நீங்களாக வேறு பாட்டில் வாங்காமல் அவரிடமே திரும்பிச் செல்லுங்கள். தேவையென்றால் அவர் மூக்கின் ஆழத்திலிருந்து சளி மாதிரி எடுத்து, மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்க்கச் சொல்வார்.

நீங்கள் போட்ட 'காய்ச்சல் ஊசி' எது என்றும் பாருங்கள். மெலாக்சிகாம் என்றால் சரி. டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006-இலேயே தடை செய்யப்பட்டது. ஊசி போட்ட மாடு இறந்து அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே காரணம். கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடைக்குள் வந்தன. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது கன்றைச் சுறுசுறுப்பாகக் காட்டிக்கொண்டே அதன் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது மூங்கில் குழாய். சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் கன்றின் வயதே உள்ள ஒன்றைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். மூச்சுக் குழாயை நீளவாக்கில் அறுத்ததும் எண்ணெய் பளபளத்தது; ஓம வாடை அடித்தது. நுரையீரலின் முன்பகுதி ஈரலைப் போலக் கெட்டித்துக் கறுத்துச் சிவந்திருந்தது. பஞ்சுபோல மிதக்க வேண்டிய அந்தச் சதையில் ஒரு துண்டை வெட்டி நீர் நிறைந்த வாளியில் போட்டேன். கல்லைப்போல அடியில் போய்த் தங்கியது. வளர்த்தவர் அன்போடுதான் ஊற்றியிருந்தார். தலையை உயர்த்திப் பிடித்து, இருமிக்கொண்டிருக்கும் கன்றின் வாயில் குழாயால் ஊற்றினால் ஒரு பங்கு நுரையீரலுக்குள் இறங்கும். எண்ணெயை அங்கிருந்து எந்த ஊசியாலும் வெளியேற்ற முடியாது. உங்கள் கன்றுக்கும் அப்படிப் புரையேறியதா என்று நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். தூதுவளைமேல் எனக்குப் பகையில்லை. கொடுக்க விரும்பினால், அரைத்துக் கருப்பட்டியோடு பிசைந்து, சிறிது சிறிதாக நாக்கில் தடவுங்கள். அது துணைதான், மருந்துக்கு மாற்றாகாது.

சிகிச்சை நடக்கும் நாட்களில் கன்றை உலர்ந்த வைக்கோல்மேல், படுத்தால் கால்கள் புதையும் அளவுக்குத் தடிமனாகப் பரப்பிப் படுக்கவையுங்கள். மார்பு தரையில் படும்படி நிமிர்ந்து படுக்கட்டும். ஒருபக்கமாகச் சாய்ந்தால் வைக்கோல் மூட்டையால் அண்டை கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டவிடுங்கள். குடிக்க மறுத்தால் வற்புறுத்திப் புகட்ட வேண்டாம்.

மற்ற மூன்று கன்றுகளுக்கும் முன்கூட்டியே ஊசி வேண்டாம். நோயில்லாத கன்றுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக் அடுத்த வாரம் வரப்போகும் நோயைத் தடுக்காது. அதன் உடலில் உள்ள கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவைக்கும். பலவும் ஒரே நாளில் விழும் நிலை வந்தால் கூட்டாகச் சிகிச்சை தரலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்யக்கூடியது அதைவிடப் பயனுள்ளது. காலை வெயிலேறுமுன்பும் மாலையிலும், தெர்மாமீட்டர் முனை சாணத்துக்குள் புதையாமல் ஆசனவாயின் பக்கச் சுவரைத் தொடும்படி வைத்துச் சூடு பாருங்கள். 101.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, 103.5-ஐத் தாண்டினால், இருமல் இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டியுங்கள். 40-க்கு மேல் தொடர்ந்து போனால் சந்தேகப்பட வேண்டும். ஒரு காது மட்டும் தொங்குவதும் பால் வாளிக்குக் கடைசியாக எழுந்து வருவதும் இருமலுக்கு முன்பே தெரியும் அறிகுறிகள். நோயுற்ற இரண்டையும் தனியே கட்டி, நல்ல கன்றுகளைக் கவனித்த பிறகே இவற்றிடம் செல்லுங்கள்.

தார்ப்பாயை இன்றே அவிழ்த்து, கன்றுகள் படுக்கும் உயரம் வரை மட்டும் மறைப்பு விட்டு, மேலே நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். நீங்கள் நிற்கும் உயரத்தில் கொட்டகை நாறாது. விடியற்காலையில் உள்ளே போய் மண்டியிட்டு, கன்றின் மூக்கு இருக்கும் மட்டத்தில் பத்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், மூத்திர அம்மோனியா இரவு முழுக்க அந்த மூச்சுக் குழாய்களை அரித்துக்கொண்டிருந்தது என்று பொருள். கன்றுக்குக் குளிர்ந்த காற்றைவிட ஈரமும் தேங்கிய காற்றுமே எதிரி.

அடுத்து ஈனும் பசுவின் கன்றுக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் நாளே கொடுங்கள். அதில் பாதி முதல் 2 மணி நேரத்துக்குள் போகட்டும். 24 மணி நேரம் கடந்தால் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் இரத்தத்துக்குள் விடாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கத்தால் எத்தனையோ கன்றுகள் இந்த நேரத்தை இழக்கின்றன.

பாலைப் பற்றிக் கேட்டீர்கள். ஊசி கன்றுக்கு மட்டும் போட்டிருந்தால் தாயின் பாலில் மருந்து வராது, தாராளமாக ஊற்றலாம். மடிநோய்க்காகப் பசுவுக்கு ஊசி போட்டிருந்தால், மருந்து உறையில் குறித்திருக்கும் விலக்கு நாட்கள் (பாலில் மருந்து எச்சம் நீங்கக் காத்திருக்கும் நாட்கள்) முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. வீணாகிறதே என்று கன்றுகளுக்கும் வைக்கக் கூடாது. மீதமுள்ள என்ரோஃப்ளாக்சசின் பாட்டிலை அடுத்த மழைக்கு என்று பரணில் எடுத்துவைக்காமல், மருத்துவரிடம் காட்டிய பின் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.