கூடை மாற்றினால் பழம் பிழைக்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 40 சென்ட்டில் ஸ்ட்ராபெரி போட்டிருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வருபவர்களையே பறித்துக்கொள்ள விடுகிறோம். கையில் மூங்கில் கூடை கொடுக்கிறோம். அடிப்பழம் நசுங்கிச் சாறு ஒழுகுகிறது. ஊர் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிட்டதாகப் போன் செய்து திட்டுகிறார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா மொத்தமாக எடுத்தால் மலிவு என்கிறார் கடைக்காரர். பூசணத்துக்கு மருந்தும் அடிக்கச் சொல்கிறார். டப்பாவை வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கடைக்காரருக்குச் சரக்கு தீர வேண்டும்; உங்கள் பழம் மேட்டுப்பாளையம் தாண்டுமா என்பது அவர் கவலை இல்லை. துளையில்லாத டப்பாவில் மூடி வைத்து வெயிலில் நிற்கும் காரில் போட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டும். சாம்பல் பூசணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தூக்கி எறியும் பிளாஸ்டிக் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. நீலகிரியில் கெடுபிடி அதற்கும் முந்தையது. மலையில் இருந்துகொண்டு அந்த வம்பு எதற்கு?

கூடையில் உண்மையான குறை அதன் ஆழம். ஸ்ட்ராபெரிக்குப் பாதுகாக்கத் தடித்த தோல் கிடையாது. மூன்று அடுக்குக்கு மேல் ஏறினால் அடிப்பழம் தாங்காது. ஒன்று நசுங்கினால் சாறு பக்கத்துப் பழத்தில் பட்டு, அதுவும் கெடும். "பாதி வரை போடுங்கள்" என்று பலகை வைத்துப் பயனில்லை. கொடுத்த பாத்திரத்தை நிரப்பத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் பாத்திரமே தட்டையாக இருக்கட்டும்.

ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மிகாத பாக்குமட்டைச் சதுரக் கிண்ணம் வாங்குங்கள். கோவையில் கிடைக்கும். வாங்கும்போது உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். நார் சிலும்பி நின்றால் பழத்தைக் கீறும். கருப்புப் புள்ளி தெரிந்தால் மட்டையிலேயே பூசணம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பறித்த பாத்திரத்திலேயே பழம் வீட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் கூடையில் பறித்து, தராசில் கொட்டி, பிறகு பையில் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு கொட்டலிலும் அடிபடுகிறது. அந்தக் காயம் அப்போது கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் கருத்துக் காட்டும். வெறும் கிண்ணத்தை முதலில் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுக் கையில் கொடுங்கள். மட்டை ஈரத்தில் எடை கூடும் என்பதால் எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே எடையைக் கழிக்காதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள். காம்பும் பச்சை இதழும் பழத்தோடு வர வேண்டும். உருவி எடுத்தால் அந்த ஓட்டை வழியாகவே அழுகல் தொடங்கும். முழுச் சிவப்பாக இருப்பதை மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். பறித்த பிறகு நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு ஏறாது. வீடு போய்ச் சாப்பிடும் முன்தான் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். எத்தனை மணிக்குப் பறிக்க விடுகிறீர்கள்? உச்சி வெயிலில் பறித்த பழம் சூட்டோடு கீழே இறங்குகிறது. எந்தப் பாத்திரமும் அதைக் காப்பாற்றாது. பனி ஈரம் காய்ந்ததும் திறந்து பத்து மணிக்குள் முடியுங்கள். கிண்ணம் நிரம்பியதும் நிழலுக்குப் போகட்டும். பயணிகள் தாமதமாகத்தான் எழுந்து வருவார்கள் என்பீர்கள். பழம் நன்றாக இருந்தால் சீக்கிரமே வருவார்கள்.

மருந்து விஷயம். நசுங்கிய பழத்தை எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் எழுப்பாது. முதலில் பாத்தியில் விட்டுப்போன அழுகல் பழத்தையும் பழுத்த இலையையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். தெளிப்பு நீர் விட்டால் சொட்டு நீருக்கு மாறுங்கள். உங்கள் தோட்டத்தில் குழந்தைகள் பறித்த கையோடு வாயில் போடுகிறார்கள், அதை மறக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால், அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்து டப்பா லேபிளில் போட்டிருக்கிறதோ, அத்தனை நாளும் அந்தப் பாத்தியைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள், சீசன் நாளாக இருந்தாலும்.