சொன்ன தேதிக்கு ஜாக்கெட் கொடுக்க முடியவில்லை, இது சோம்பலா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டு, பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடிவதில்லை. ஸ்கூல் யூனிஃபார்ம், புடவைக்கு ஃபால்ஸ், பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பது எல்லாம் உடனுக்குடன் முடிந்துவிடும். லைனிங் ஜாக்கெட், அதிலும் பட்டு என்றால் கவரைப் பிரிக்கவே கை வராது. கஸ்டமர் போன் செய்தால் எடுப்பதில்லை. ரீல்ஸ் பார்த்துக்கொண்டே மத்தியானம் போய்விடுகிறது. கடைசி நாள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தைக்கிறேன். வீட்டுக்காரர் சோம்பேறி என்கிறார். ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட் துணி இப்போதும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?

பதில்: ராத்திரி இரண்டு மணி வரை மெஷின் மிதிக்கிறவர் சோம்பேறியாக இருக்க வாய்ப்பில்லை. நான் சொன்னதாகவே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது, எதெல்லாம் தள்ளிப்போவதில்லை என்று நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியல்தான். யூனிஃபார்ம் தள்ளிப்போவதில்லை. ஃபால்ஸ் தள்ளிப்போவதில்லை. பிரித்துத் தைப்பது, நிஜத்தில் அலுப்பூட்டுகிற வேலை, அதுவும் தள்ளிப்போவதில்லை. ஆக, தையல் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பட்டுத்துணியில் கத்தரி வைக்கிற அந்த ஒரு நிமிஷத்திலிருந்துதான் விலகி ஓடுகிறீர்கள். புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். கை இறங்கும் இடத்தில் தப்பாக வெட்டிவிட்டால், எம்.சி. ரோட்டில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அதே கலர் கிடைக்கலாம், அதே பார்டர் கிடைக்காது. இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வேலை தெரிந்தவருக்குத்தான் இந்தப் பயம் வரும்.

ஒத்திப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாகப் பார்ப்பது பழைய வழக்கம். ஃபியூஷா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் வேறு மாதிரி விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்தாலே பயமோ எரிச்சலோ சலிப்போ வருகிறது. அந்த உணர்ச்சியை அந்த நிமிஷம் ஆற்றிக்கொள்ளத்தான் மனசு வேலையைத் தள்ளுகிறது. கவரை மறுபடி அலமாரியில் வைத்ததும் உங்களுக்கு ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் கூலி. கூலி கிடைக்கிற காரியத்தை மனசு திரும்பத் திரும்பச் செய்யும். ரீல்ஸ் அதற்கு ஒரு வசதி, அவ்வளவுதான். போனைப் பிடுங்கி வைத்தால் நீங்கள் பாத்திரம் தேய்க்கப் போவீர்கள்.

அதனால் ‘மனசைத் திடப்படுத்துங்கள்’ என்று நான் சொல்லப் போவதில்லை. வெட்டுகிற பயத்தைச் சின்னதாக்குவோம். தொழில் நுணுக்கம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். வெட்டுவதையும் தைப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். துணி வந்த அன்றே லைனிங்கை மட்டும் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போடுங்கள். பின்னால் சுருங்காமலிருக்க எப்படியும் செய்கிற வேலைதானே? இதில் தப்பு செய்ய வழியே இல்லை, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த ஆர்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. மறுநாள் அளவு ஜாக்கெட்டை வைத்து லைனிங்கை வெட்டுங்கள். கெட்டாலும் போவது லைனிங் காசுதான். அதை ஊசி குத்திப் பார்த்துத் திருப்தியான பிறகு பட்டின்மேல் வைத்து வெட்டுங்கள். பக்கத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விட்டுவிட்டால், இறுக்கமாகப் போனாலும் பிரித்து விட இடமிருக்கும். நீங்கள் பயப்படுகிற விபரீதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எப்போது உட்காருவது? ‘தினமும் பதினோரு மணிக்கு’ என்று வைத்துக்கொண்டால் நம் பக்கத்தில் அது நிலைக்காது. தண்ணி லாரி பதினொன்றுக்கே வந்து நிற்கும், அல்லது யாராவது கொக்கி தைத்துத் தரச் சொல்லி வந்து உட்காருவார்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு, எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: ‘மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், மெஷினிடம் போகாமல் நேரே வெட்டும் மேஜைக்குப் போவேன்.’ இப்படி ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுநாள் ஆராய்ந்தார். 2006இல் பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட இப்படி முடிச்சுப் போட்டவர்கள் நன்றாகவே செய்து முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் ‘இப்போ பண்ணலாமா, அப்புறமா’ என்ற பேரம் மனசுக்குள் நடப்பதில்லை.

அடுத்தது தேதி. கஸ்டமர் எதிரே நிற்கும்போது வாயில் வருகிற தேதியை நம்பாதீர்கள். 1994இல் கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 48 நாள் சொச்சம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். நாமெல்லாருமே இப்படித்தான், நடுவில் காய்ச்சலும் விருந்தாளியும் வராத ஒரு வாரத்தைக் கற்பனை செய்துகொண்டு தேதி கொடுக்கிறோம். உங்கள் ஆர்டர் நோட்டைத் திறந்து, கடைசியாகத் தைத்த பத்து லைனிங் ஜாக்கெட்டுகள் துணி வாங்கிய நாளிலிருந்து நிஜமாக எத்தனை நாள் எடுத்தன என்று எண்ணுங்கள். இனி அந்தக் கணக்குதான் தேதி. பட்டு ஜாக்கெட்டுக்கு நடுவில் ட்ரையலுக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். நமக்கு நாமே போட்ட கெடு கொஞ்சம்தான் உதவும், ஒருத்தர் வாசலுக்கு வந்து நிற்பார் என்பது நன்றாக உதவும்.

போன் விஷயம்தான் எனக்குக் கூடுதல் கவலை. எடுக்காத ஒவ்வொரு அழைப்பும் அந்தத் துணியை இன்னும் கனமாக்குகிறது. இப்போது வெட்டப் பயம், பேசவும் வெட்கம். முகூர்த்த ஜாக்கெட் வீட்டுக்கு இன்றைக்கே நீங்களாகக் கூப்பிடுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். “அக்கா, துணியை இன்னும் வெட்டல. சனிக்கிழமை ட்ரையலுக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா சொல்லுங்க, துணியை அப்படியே தந்துடறேன்.” திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட முதலாண்டு கல்லூரி மாணவர்களை 2010இல் ஆராய்ந்தபோது, தன்னை மன்னித்துக்கொண்டவர்கள்தான் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டு மட்டுமில்லாமல் சமையல், குளியல், பிடித்த சீரியல்கூட வேண்டாம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் தோன்றினால், தூக்கமோ சாப்பாடோ கெட்டால், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தைராய்டும் ரத்தசோகையும்கூட ஆளை இப்படி உட்கார வைக்கும், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனநலப் பிரிவு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. போனில் பேச அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புடவைகளோடு எல்லாரும் மொத்தமாக வருவார்கள், ஆவணி முகூர்த்தத்துக்கும் அப்போதே துணி சேரும். வாரத்துக்கு இத்தனை லைனிங்தான் என்று நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டி வருகிறவரிடம் அடுத்த வாரத் தேதியைச் சொல்லுங்கள். ‘அவ்வளவு நாளா?’ என்று வேறு தையல்காரரிடம் போகிறவர் போகட்டும். அலமாரியில் அவர் துணி தூங்குவதைவிட அது உங்களுக்கு மேல்.